வாசலுக்கு வரும் மது! கதவைத் திறப்பது யார்?

வாசல் மணி அடிக்கிறது.

வீட்டில் அப்பா இல்லை. அம்மா மாடியில் வேலையாக இருக்கிறாள். 14 வயதுப் பையன் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறான்.

வெளியே ஒருவர் நிற்கிறார். அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் இரண்டு மது பாட்டில்கள்!

பெட்டியைப் பையனிடம் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது.

"அப்பாதான் வாங்கி வைக்கச் சொன்னார்" என்று பையன் சொன்னால்?

அப்போதும் கூடாது.

சரி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடலாமா?

அதுவும் கூடாது. வயது வந்த ஒருவர் வாசலுக்கு வரவேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அப்படி யாரும் வராவிட்டால், பெட்டியைத் திரும்பக் கடைக்கே கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவில் வீடு தேடி மது கொண்டு செல்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் இது. மற்ற விதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்!

கடைக்காரரின் கண்

மதுக் கடையில் ஒரு மேஜை இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் விற்கிறவர். இந்தப் பக்கம் வாங்குகிறவர்.

விற்கிறவர் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: வந்திருப்பவருக்கு வயது ஆகிவிட்டதா?

இரண்டு: அவர் ஏற்கனவே குடித்துவிட்டுத் தள்ளாடுகிறாரா?

முகத்தைப் பார்த்தால் வயது தெரியும். சந்தேகம் வந்தால் அட்டையைக் கேட்கலாம். நடையைப் பார்த்தால் போதை தெரியும். "உங்களுக்குக் கிடையாது, போய் வாருங்கள்" என்று சொல்லிவிடலாம்.

ஆனால் வாங்குகிறவர் கடைக்கே வராவிட்டால்? காரில் உட்கார்ந்தபடியே வாங்கினால்? அல்லது வீட்டில் இருந்தபடி செல்போனில் கேட்டால்?

அப்போது பார்க்கிற கண் எங்கே?

அமெரிக்க மாநிலங்கள் எழுதிய விதிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன.

21 வயது

அமெரிக்காவில் ஒரு காலத்தில் நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. 1920-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி ரத்து ஆயிற்று.

ரத்து செய்தபோது, "மதுவைப் பற்றிய விதிகளை அந்தந்த மாநிலமே செய்து கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அங்கே 50 மாநிலங்களிலும் 50 விதமான விதிகள். ஒரு மாநிலத்தில் சரியாக இருப்பது, எல்லையைத் தாண்டினால் குற்றமாகிவிடும்!

ஆனால் வயது விஷயத்தில் மட்டும் எல்லா மாநிலங்களும் ஒன்று. மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

இது எப்படி வந்தது?

1984-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. "21 வயது என்று விதி வைக்காத மாநிலத்துக்கு, சாலை போடக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி குறைக்கப்படும்" என்றது அந்தச் சட்டம். 1988-ம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கத் தபால் இலாகா மது பாட்டிலைத் தொடாது! 1909-ம் ஆண்டில் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. தனியார் பார்சல் கம்பெனிகள்தான் ஒயின் பாட்டில்களைக் கொண்டு செல்கின்றன. அவர்களும் 21 வயது ஆனவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுக்க வேண்டும்.

கொரோனா வந்தது

2020-ம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா நோய் அமெரிக்கா எங்கும் பரவியது. ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று ஒவ்வொரு மாநிலமாக உத்தரவு போட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே விஸ்கி, பிராந்தி போன்ற மதுவைப் பெரும்பாலும் அரசாங்கக் கடையில்தான் வாங்க முடியும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் இருப்பதைப் போல, அங்கே சுமார் 600 அரசாங்கக் கடைகள் உண்டு. 1933-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஒரு வாரியம் அவற்றை நடத்துகிறது.

மார்ச் 17-ந் தேதி இரவு, அந்தக் கடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடப்பட்டன!

என்ன நடந்தது?

பக்கத்து மாநிலங்களுக்குக் கார்கள் பறந்தன. ஒகையோ மாநிலத்தின் எல்லை ஓரக் கடைகளில் பென்சில்வேனியாக்காரர்கள் போய் நின்றார்கள். நோய் பரவும் காலத்தில் இப்படி வெளியூர்க் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒகையோ அரசாங்கம் பயந்துவிட்டது. ஏப்ரல் 13-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. "எல்லை ஓரத்தில் உள்ள 6 மாவட்டங்களில், ஒகையோவாசிகளுக்கு மட்டும்தான் கடும் மது விற்கலாம்" என்பதே அந்த உத்தரவு.

கடையைத் திறந்தால் கூட்டம். மூடினால் அடுத்த ஊரில் கூட்டம். இதற்கு நடுவில் ஒரு வழி வேண்டும் அல்லவா?

காரில் இருந்தபடியே!

அந்த வழி ஏப்ரல் 20-ந் தேதி வந்தது. முதலில் 176 கடைகளில் தொடங்கினார்கள்.

கடைக்குள் யாரும் வரக்கூடாது. வேண்டியதை டெலிபோனில் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஒரு தடவைதான் கேட்கலாம். 6 பாட்டில்களுக்கு மேல் கிடையாது. பணத்தை கிரெடிட் கார்டு மூலம் அப்போதே கட்டிவிட வேண்டும். எப்போது வரவேண்டும் என்று கடைக்காரர் நேரம் குறித்துக் கொடுப்பார்.

குறித்த நேரத்தில் காரைக் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேலையாள் வெளியே வருவார். முதலில் அடையாள அட்டையைப் பார்ப்பார். பிறகுதான் பாட்டில்!

முதல் நாளில் டெலிபோன் மணி ஓயவில்லை. பலருக்கு லைனே கிடைக்கவில்லை. போகப் போக, இன்னும் பல கடைகளில் இந்த முறை வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையின் கதவு மூடியிருந்தது. ஆனால் அட்டையைப் பார்க்கிற கண் மூடவில்லை. கடைக்குள் இருந்த மேஜை, கார் ஜன்னலுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்!

தலை நரைத்தவருக்கும் அட்டை!

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ, மகள் வீட்டிலோ சில மாதம் தங்கிவிட்டு வருகிற நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கும்.

மகன் வரவழைத்த பெட்டி வருகிறது. கதவைத் திறப்பவர் 70 வயதுத் தாத்தா. தலை முழுவதும் நரை. ஆனாலும் வந்தவர், "அட்டையைக் காட்டுங்கள்" என்கிறார்!

"என்னைப் பார்த்தால் 21 வயது ஆகாதவன் மாதிரியா இருக்கிறது?" என்று தாத்தாவுக்குக் கோபம் வரும்.

கோபப்பட வேண்டியதில்லை. ஆளைப் பார்த்துக் கேட்பது என்று விட்டால், ஒருவரைக் கேட்பார்கள், இன்னொருவரை விட்டுவிடுவார்கள். எல்லோரையும் கேட்பது என்று வைத்துவிட்டால் தவறு நடக்க இடம் குறையும். அதனால்தான் பல கம்பெனிகள் இப்படி ஒரு கண்டிப்பான பழக்கத்தை வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் தொல்லை இல்லை!

மூடியில் ஓட்டை கூடாது

பாட்டில் விஷயம் இப்படி. ஓட்டல்களில் கோப்பையில் கலந்து கொடுக்கும் மது என்ன ஆயிற்று?

கொரோனாவுக்கு முன்பு, அதைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போக அநேகமாக எங்கும் அனுமதி இல்லை. உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

2020-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி நியூயார்க் மாநிலம் அனுமதி கொடுத்தது. அடுத்த இரண்டு நாளில் டெக்சாஸ் மாநிலக் கவர்னரும், சாப்பாட்டோடு சேர்த்து மதுவை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். மூடிக் கிடந்த ஓட்டல்கள் பிழைக்க இது ஒரு வழியாக இருந்தது.

ஆனால் சும்மா விடவில்லை. மூன்று பூட்டுகள் போட்டார்கள்.

முதல் பூட்டு: சாப்பாடும் வாங்க வேண்டும். வெறும் மதுவை மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது பூட்டு: கோப்பையை இறுக மூடி, சீல் வைக்க வேண்டும். சீலை உடைத்தால் உடைத்தது தெரிய வேண்டும். உறிஞ்சு குழல் சொருகும் ஓட்டை மூடியில் இருக்கக் கூடாது.

மூன்றாவது பூட்டு: காரில் உட்காரும் இடத்தில் வைக்காமல், டிக்கியில் வைத்து எடுத்துப்போக வேண்டும்.

எல்லா மாநிலங்களிலும் எல்லாப் பூட்டும் உண்டு என்று சொல்ல முடியாது. ஆனால் விதி எழுதியவர்களின் எண்ணம் ஒன்றுதான். கார் ஓட்டுகிறவர் போகும் வழியிலேயே ஒரு வாய் குடித்துவிடக் கூடாது! மூடியில் ஓட்டை இருந்தால் கை தானாகவே கோப்பைக்குப் போகும். டிக்கியில் இருந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

சின்ன ஓட்டைதான். அது ஓர் உயிருக்கு வழியாகிவிடக் கூடாது அல்லவா?

நிலைத்ததும் மறைந்ததும்

நோய்க் காலத்துக்கென்று செய்த விதிகள், நோய் தணிந்த பிறகு என்ன ஆயின?

அயோவா மாநிலம் 2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதியே நிரந்தரச் சட்டம் செய்துவிட்டது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். டெக்சாஸ் 2021-ம் ஆண்டு மே மாதம் நிரந்தரமாக்கியது.

பென்சில்வேனியாவில் கதை வேறு. ஓட்டல் கோப்பைகளுக்குக் கொடுத்த அனுமதி, 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் அவசர நிலை முடிந்ததும் முடிந்துவிட்டது. நியூயார்க்கிலும் அதே மாதம் முடிந்தது. பிறகு 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க் புதிய சட்டம் செய்து மீண்டும் அனுமதித்தது.

கலிபோர்னியா ஒரு நடு வழியைப் பிடித்தது. 2022-ம் ஆண்டு தொடக்கத்தில் அமுலுக்கு வந்த சட்டப்படி, ஒருவர் சாப்பாட்டுக்கு 2 கோப்பைக்கு மேல் கூடாது. அதையும் வேறு ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்குகிறவர் நேரில் வந்து, அட்டையைக் காட்டி எடுத்துப்போக வேண்டும்.

கலிபோர்னியா ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருந்தது? காரணம் இல்லாமல் இல்லை.

பொய் சொல்லாத "உளவாளி"

கலிபோர்னியாவில் ஒரு வினோதமான சோதனை உண்டு. 20 வயதுக்குக் குறைந்த ஒரு வாலிபனையோ பெண்ணையோ மதுக் கடைக்கு அனுப்புவார்கள். அதிகாரிகள் மறைவாக நின்று பார்ப்பார்கள். கடைக்காரர் மது கொடுத்தால் அகப்பட்டுக் கொள்வார்.

"இது ஏமாற்று வேலை அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்கும் விதி இருக்கிறது. அனுப்பப்பட்ட வாலிபன் வயதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. "உனக்கு என்ன வயது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டையைக் கேட்டால், தன் சொந்த அட்டையையே காட்ட வேண்டும். போலி அட்டை கூடாது.

அதாவது, விற்கிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும். தப்பித்துக் கொள்வார்!

இந்தச் சோதனையை வீட்டு வாசலுக்கும் கொண்டு வந்தார்கள். முடிவு என்ன தெரியுமா?

செல்போன் செயலி மூலம் மது கொண்டு செல்லும் ஆட்கள் வயது ஆகாதவர்களிடம் அடிக்கடி மதுவைக் கொடுத்து விடுகிறார்கள் என்று தெரிய வந்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதுக் கட்டுப்பாட்டு இலாகா இதைப் பகிரங்கமாகச் சொல்லி எச்சரித்தது.

பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. கண் கடையிலேயே தங்கிவிட்டது!

டெலிவரி ஆளின் சங்கடம்

இதில் டெலிவரி ஆளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் இருப்பவருக்குப் பக்கத்தில் மானேஜர் இருக்கிறார். விளக்கு வெளிச்சம் இருக்கிறது. தகராறு வந்தால் நாலு பேர் இருக்கிறார்கள்.

வாசலில் நிற்பவர் தனி ஆள். நேரமோ இரவு. அடுத்த வீட்டுக்குச் சீக்கிரம் போனால்தான் காசு. "கிடையாது" என்றால் எதிரே நிற்பவர் சண்டைக்கு வரலாம். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க இன்னும் அரை மணி நேரம் ஆகலாம்.

போதையில் தள்ளாடுகிற ஒருவர் கதவைத் திறந்தால் இன்னும் சங்கடம். அவருக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த வீட்டுக்குள் மனைவி இருப்பாள், குழந்தைகள் இருப்பார்கள். மேலும் ஒரு பாட்டில் உள்ளே போனால் அன்று இரவு அவர்கள் பாடு என்ன ஆகும்? வாசலில் நிற்பவர் சொல்லும் "கிடையாது" என்ற ஒரு வார்த்தை, அவர்களுக்குச் செய்யும் உதவி!

கொடுத்துவிட்டால் வரும் ஆபத்தும் சிறியது அல்ல. டெக்சாசில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்றது நிரூபணமானால், 4,000 டாலர் வரை அபராதம். ஓர் ஆண்டு வரை சிறை.

அதனால்தான், மது கொண்டு செல்கிறவருக்கே பயிற்சி வேண்டும் என்று சில மாநிலங்கள் சொல்கின்றன. பல கம்பெனிகள் வாசலில் நின்று அட்டையைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்கின்றன. திருப்பிக் கொண்டு வந்ததற்கும் கூலி கொடுத்தால், அந்த ஆள் தைரியமாக "கிடையாது" என்று சொல்வார். நல்ல விதி என்பது, அதன்படி நடக்கிறவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது!

நம் நாட்டில்

இந்தக் கேள்வி 2020-ம் ஆண்டில் நம் நாட்டுக்கும் வந்தது. கோர்ட்டு வரை போயிற்று.

அந்த ஆண்டு மே 7-ந் தேதி தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. பெரும் கூட்டம் திரண்டது. மறுநாளே, கடைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஊரடங்கு முடியும் வரை வேண்டுமானால் இணையம் மூலம் விற்று, வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னது. அதே நாளில் டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டும், கூட்டத்தைத் தவிர்க்க வீட்டுக்கு அனுப்பும் முறையை மாநிலங்கள் யோசிக்கலாம் என்று கருத்துச் சொன்னது.

தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. மே 15-ந் தேதி ஐகோர்ட்டு உத்தரவுக்குத் தடை கிடைத்தது. மறுநாள் சென்னை தவிர மற்ற இடங்களில் டோக்கன் கொடுத்துக் கடைகள் திறக்கப்பட்டன. சென்னையில் ஆகஸ்டு 18-ந் தேதிதான் திறந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முறையை அரசு அப்போது எடுத்துக் கொள்ளவில்லை.

கேரளா வேறு விதமாகச் செய்தது. மே 28-ந் தேதி முதல், செல்போன் செயலி மூலம் டோக்கன் கொடுத்தது. டோக்கனில் கண்ட நேரத்தில், கண்ட கடைக்குப் போய் வாங்கிக் கொள்ள வேண்டும். 2021-ம் ஆண்டு ஜனவரியில் அந்த முறை கைவிடப்பட்டது.

மேற்கு வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்டு போன்ற மாநிலங்கள் அந்த ஆண்டில் வீட்டுக்கே அனுப்ப அனுமதித்தன. டெல்லி 2021-ம் ஆண்டில் வெளியிட்ட விதி ஒன்று கவனிக்கத்தக்கது. வீடுகளுக்கு மட்டும் மது அனுப்பலாம். மாணவர் விடுதிக்கோ, அலுவலகத்துக்கோ, நிறுவனங்களுக்கோ அனுப்பக் கூடாது என்றது அந்த விதி.

நம் நாட்டில் வயதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 21. கேரளாவில் 23. ஆகவே எந்த ஊரில் இந்த முறை வந்தாலும், வாசலில் நிற்பவருக்கு அந்த ஊர் வயது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க!

விதியை அரசாங்கம் எழுதலாம். வாசலில் நிற்பவர் அதன்படி நடக்கலாம். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

இந்த முறை உள்ள ஊரில் இருப்பவர்கள் நாலு விஷயங்களை மனத்தில் வைத்தால் போதும்.

மது வரவழைத்தவர் யாரோ, அவரே வாசலுக்குப் போய் வாங்க வேண்டும்.

"தம்பி, போய் வாங்கி வா" என்று பிள்ளைகளை அனுப்பக் கூடாது.

வாங்கப் பயன்படும் செல்போனின் ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

வந்தவர் அட்டையைக் கேட்டால் சண்டை போடக் கூடாது. அவர் காப்பாற்றுவது நம் வீட்டுப் பிள்ளையைத்தான்.

முதலில் பார்த்தோமே, அந்த 14 வயதுப் பையன். அவன் கதவைத் திறந்தான். வந்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். "வீட்டில் பெரியவர்களைக் கூப்பிடு தம்பி" என்றார். அம்மா மாடியில் இருந்து இறங்கி வந்தாள். அட்டையைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டாள். பெட்டியை வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

எல்லாம் இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை விதிகளும்!